வாழைக்காய் மாவு யூனிட்டும் 35 சதவீத மானியமும்: இரண்டரை வருட அனுபவம்

தொட்டியம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் வாழை போடுகிற குடும்பம். 2023 கடைசியில் வாழைக்காய் மாவு அரைக்கிற சின்ன யூனிட் ஒன்றை வீட்டுக்குப் பின்னால் தொடங்கினேன். அதற்கான கடனும் மானியமும் பி.எம்.எப்.எம்.இ. என்கிற, குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் வந்தவை. மானியத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. நம் ஊரில் மாவட்டத் தொழில் மையம் வழியாக நடக்கிறது. வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து, "அக்கா, அந்த சப்சிடி நெஜமாவே கெடைக்குதா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிடைக்கிறது. ஆனால் பலரும் நினைக்கிற மாதிரி பணமாகக் கைக்கு வராது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மானியத்தைவிட எனக்குப் பெரிதாக உதவியது, இந்தத் திட்டத்தின் பேரில் என்னோடு அலைந்த ஒரு தம்பி.

இந்த எண்ணம் வந்தது 2020 ஏப்ரலில். ஊரடங்கு நேரம். பூவன் தார் வெட்டுக்கு நின்றது, லாரி வரவில்லை. தார் மரத்திலேயே பழுத்து வெடித்தது. மாமனார் வெட்டி மாட்டுக்குப் போட்டார், மாடும் ஓர் அளவுக்கு மேல் தின்னவில்லை. ஒரு வருட உழைப்பு கண்ணெதிரே ஈ மொய்த்துக் கிடந்ததைப் பார்த்தபோது, பழுக்கிற வரை காத்திருக்காமல் காயிலேயே ஏதாவது செய்ய முடியாதா என்று தோன்றியது.

திருச்சியில் தோகைமலை ரோட்டில், தாயனூர் பக்கம் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது. இத்தனை வருடம் அந்த மாவட்டத்திலேயே வாழை போட்டுக்கொண்டு அதற்குள் ஒரு முறைகூட நான் போனதில்லை. 2022 ஆகஸ்டில் பயிற்சிக்குப் போனேன். வாழைக்காய் மாவு, வாழைப்பூ தொக்கு, தண்டுச் சாறு, தேனில் ஊறிய உலர்பழம் எல்லாம் செய்து காட்டினார்கள். தொழில் தொடங்குகிறவர்களுக்கென்று அங்கேயே ஒரு வணிக வளர் மையமும் இருக்கிறது. வாழை சம்பந்தமாக எதைத் தொடங்கினாலும், கடன் விண்ணப்பத்துக்கு முன்னால் அங்கே போய்விட்டு வாருங்கள்.

மாவு என்றால் காயவைத்து அரைப்பதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். கையால் செய்யும்போதுதான் தெரிந்தது. மொந்தன் காயை முக்கால் முற்றலில் வெட்ட வேண்டும். ஒரு நாள் தாண்டிப் பழுக்கத் தொடங்கிவிட்டால் மாவு இனிக்கும், கட்டி பிடிக்கும். தோலைத் தண்ணீருக்குள் வைத்து உரித்தால் கறை கையில் ஏறாது. இரும்புக் கத்தி பட்ட இடம் கறுத்துப்போகும், எவர்சில்வர் கத்திதான் சரி. சீவின வில்லையை உடனே சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்காவிட்டால், நீங்கள் அடுத்த காயை உரித்து முடிப்பதற்குள் இது பழுப்பாகிவிடும். அப்புறம் டிரையரில் 60 டிகிரி. வில்லையை எடுத்து ஒடித்தால் அப்பளம் மாதிரி படக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அரைத்தால் இரண்டு மாதத்தில் வாடை வரும். 100 கிலோ காய்க்கு எனக்கு 18 முதல் 20 கிலோ மாவு வருகிறது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடனுக்கு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த முதல் இடம் தவறான இடம். திருச்சியில் ஒருவர் பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தர 15,000 ரூபாய், சப்சிடி வந்த பிறகு அதில் பத்து சதவீதம் என்று கேட்டார். கொடுத்துவிடலாம் என்றே இருந்தேன். எங்கள் மகளிர் குழுத் தலைவி அக்காதான், "எதுக்குடி காசு குடுக்கற? அதுக்குன்னு கவர்மென்ட்டே ஆளு போட்டுருக்காங்க, போய்க் கேளு" என்றார்.

அந்த ஆளுக்குப் பெயர் மாவட்ட வள நபர். எல்லோரும் டி.ஆர்.பி. என்கிறார்கள். இவர் அரசு ஊழியர் இல்லை. வெளியாள். விண்ணப்பம் போடுவது, பிராஜெக்ட் ரிப்போர்ட், வங்கி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் என்கிற குறு, சிறு தொழில் பதிவு எல்லாவற்றுக்கும் கூட நிற்க வேண்டும். இவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு விண்ணப்பத்துக்கு 20,000 ரூபாய். அதிலும் பாதி, வங்கி கடன் ஒப்புதல் கொடுத்த பிறகு. மீதி, பதிவுகளும் பயிற்சியும் முடிந்து யூனிட் நின்ற பிறகு. நாம் ஒரு ரூபாயும் தர வேண்டாம். என் கடன் நின்றுபோனால் அவருக்கும் வருமானம் இல்லை. அரசுத் திட்டங்களில் நான் பார்த்தவற்றில், நம் வேலை முடிவதில் இன்னொருவருக்கும் அக்கறை இருக்கும்படி செய்திருப்பது இது ஒன்றுதான். இதை யோசித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

எனக்கு வந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். முதல் நாள் பைக்கில் வந்து இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, "அக்கா, மிஷின் பத்தி அப்புறம் பேசலாம். மாவ யாரு வாங்குவாங்க?" என்று கேட்டார். குழந்தைக்குக் கொடுக்க அம்மாக்கள் வாங்குவார்கள் என்றேன். உடனே ஒரு விஷயம் சொன்னார்: பாக்கெட்டில் குழந்தை உணவு என்று அச்சடித்தால் அதற்குச் சட்டமே வேறு, உரிமமும் வேறு. 'வாழைக்காய் மாவு' என்று மட்டும் போட வேண்டும். ஐயாயிரம் கவர் அச்சடிக்கச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்கும் நிலையில் இருந்தேன். அந்த ஒரு கேள்வியில் அது மிஞ்சியது.

கணக்கு இதுதான். மொத்தத் திட்ட மதிப்பு 8.40 லட்சம். டிரையர் மட்டும் 3.10 லட்சம். கட்டட வேலைக்கு மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது, நிலத்தின் விலையைச் சேர்க்கவே கூடாது. பத்து சதவீதம் நம் கைக்காசு, எனக்கு 84,000. வங்கிக் கடன் 7.56 லட்சம். மானியம் 35 சதவீதம், அதாவது 2.94 லட்சம். இந்தத் திட்டத்தில் அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தையும் பார்த்தோம். அதில் 25 சதவீதம்தான். உணவுத் தொழிலுக்கு இதுவே மேல்.

இனி வங்கிக் கதை. கிளையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் பதினைந்து வருடமாகக் கணக்கு வைத்திருக்கிற இடம். ஐந்து மாதம் அலைந்தேன். ஆடிட் நடக்கிறது, மேனேஜர் மாற்றல், புது மேனேஜருக்குத் தெரியவில்லை. கடைசியில், "மேடம், நெலத்துப் பத்திரம் கொண்டு வாங்க, முடிச்சிடலாம்" என்றார்கள். மாமனாரிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்றரை ஏக்கர்தான் எங்களுக்கு எல்லாம். பத்திரத்தை நான் பீரோவிலிருந்து எடுத்தும்விட்டேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். "எடுத்த எடத்துலயே வைங்கக்கா" என்றார். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்குப் பதிலாகத்தான் கடன் உத்தரவாத நிதி என்று ஒன்று இருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பில் பெரும்பகுதியை அது ஏற்கும். மறுநாள் அவரே கிளைக்கு வந்து இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. சண்டை போடாமல் விண்ணப்பத்தை முசிறிப் பக்கம் வேறொரு வங்கிக்கு மாற்றினார். அங்கே நேரில் வந்து இடத்தைப் பார்த்தார்கள், முன்பு கடன்களை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேனா என்று காட்டும் என் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், நான் செய்த மாவைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். இருபத்திரண்டாம் நாள் ஒப்புதல் வந்தது. பத்திரம் பீரோவை விட்டு வெளியே போகவேயில்லை.

டிரையர் விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுகிற இடம் இது. கொட்டேஷனில் தட்டு 304 ரக எவர்சில்வர் என்று இருந்தது. உணவுக்கு அதுதான் வேண்டும். விற்பனையாளர் இறக்கி வைத்தார். காந்தத்தை எடுத்துத் தட்டில் வைத்தார், ஒட்டவில்லை. "பாத்தீங்களா, ஒரிஜினல் 304" என்றார். நான் கையெழுத்துப் போடப் போனேன். டி.ஆர்.பி. தம்பி பையிலிருந்து சோதனைத் திரவம் இருந்த ஒரு சின்ன பாட்டிலும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் எடுத்தார். 202 என்று ஒரு மலிவான ரகம் இருக்கிறது, அதிலும் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தச் சோதனையால் பயனில்லை. தட்டில் ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வைத்தார். மூன்று, நான்கு நொடியில் சொட்டு கருஞ்சிவப்பாக மாறியது. 304 என்றால் அப்படிச் சிவக்காது. அடுத்த தட்டு, அதுவும் சிவப்பு. இருபத்து நான்கு தட்டில் பதினாறு 202. சிட்ரிக் அமிலத் தண்ணீரில் நனைந்த வில்லையைத் தினமும் அதில் பரப்பினால் ஒரு வருடத்தில் துருப் புள்ளி விழும், அது மாவில் இறங்கும். விற்பனையாளர் ஒன்றும் பேசாமல் பதினாறையும் ஏற்றிக்கொண்டு போய், பத்து நாளில் மாற்றித் தந்தார். அந்தச் சோதனை பாட்டில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இப்போது நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

நாங்கள் விட்டது ஒன்றும் உண்டு. தோட்டத்து மோட்டாருக்கு இருக்கிற இலவச மின்சாரத்தை டிரையருக்குப் போட முடியாது. தனி இணைப்பு எடுக்க வேண்டும். அதற்கான டெபாசிட், ஒயரிங் எதையும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை. நகை அடகுக்குப் போனது. நீங்கள் மறக்காமல் சேருங்கள்.

மானியம் எப்படி வருகிறது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். 2.94 லட்சமும் நம் பெயரில் வங்கியில் தனிக் கணக்கில் வந்து உட்காரும். எடுக்க முடியாது. கடைசித் தவணைக் கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம், யூனிட் ஓட வேண்டும், கடன் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். அதுவரை நமக்கு என்ன லாபம் என்றால், அந்தத் தொகைக்கு உண்டான கடன் பகுதிக்கு வட்டி போடக் கூடாது. என் விஷயத்தில் 4.62 லட்சத்துக்குத்தான் வட்டி ஆரம்பிக்க வேண்டும். மானியம் வந்து சேர நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகும் ஐந்து மாதம் முழுக் கடனுக்கும் வட்டி பிடித்திருந்தார்கள். ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன், 12,800 ரூபாய் சொச்சம் திரும்ப வரவு வைத்தார்கள். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை, இந்தத் திட்டத்துக் கணக்கு அந்தக் கிளைக்குப் புதிது. ஆனால் நாம் பார்க்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மானியம் வரவான தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த மாத வட்டியைச் சரிபாருங்கள்.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரை வைத்து நாமே செய்யலாம். அரசு தளம் மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிற தளங்கள் கூகிளில் முதலில் வந்து நிற்கின்றன, கவனம்.

இதுவரை எழுதியது நல்ல பக்கம். இந்தச் சேவையின் பெரிய குறை, சாமான் தயாரான அன்றைக்குத் தொடங்குகிறது. பதிவும் பயிற்சியும் முடிந்ததும் டி.ஆர்.பி.யின் கணக்கு முடிந்துவிடுகிறது. அவருக்கு அடுத்த விண்ணப்பம் காத்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது, பெட்ரோல்கூட அவர் காசுதான். ஆனால் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அப்போதுதான். கடன் கட்ட வேண்டிய தேதி வந்துவிட்டது, 140 கிலோ மாவு மூட்டையில் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. மூன்று மாதம் இ.எம்.ஐ. கட்டியது பூவன் தார் விற்ற காசில்.

என் கூடப்பிறந்த தம்பி திருச்சி பக்கம் துவாக்குடியில் வெல்டராக இருந்தான். அவன் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரே ஒரு பெரிய ஆலைதான் ஆர்டர் கொடுக்கும். பாய்லர் ஆர்டர் குறைந்தபோது அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனை ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது என்று அவன் எண்ணிச் சொல்லுவான். கடனும் மானியமும் எல்லாம் வாங்கி நன்றாக நடந்த பட்டறைகள்தான். அவன் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒரே கடைக்குக் குடுக்காதக்கா." அதைக் கேட்டுத்தான் திருச்சி, கரூர், நாமக்கல் என்று சின்னச் சின்னக் கடையாக ஏறி இறங்கினேன். இப்போது பதினேழு கடை. மாதம் 200 கிலோ போகிறது. திட்டத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

பெரிய கடை ஒன்றுக்கும் கொடுத்துப் பார்த்தேன். 46,000 ரூபாய் பில், ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. அப்போது டி.ஆர்.பி. தம்பி முன்பு ஒரு முறை பேச்சோடு பேச்சாகச் சொன்னது ஞாபகம் வந்தது: "பில்லுல உத்யம் நம்பர் போடுங்கக்கா, ஒரு நாள் ஒதவும்." பதிவு செய்த குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிடுவதற்கு மண்டல வசதியாக்க மன்றம் திருச்சியிலேயே இருக்கிறது, சென்னை போக வேண்டாம். இப்போது வருமான வரியிலும் பிடி வந்திருக்கிறது: காலத்தில் பணம் தராவிட்டால் வாங்கியவர் அதை அந்த வருடத்துச் செலவாகக் காட்ட முடியாது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் மரியாதையாக எழுதி, உத்யம் சான்றிதழையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மன்றத்துக்குப் போகவே தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

இந்தத் திட்டத்தை நடத்துகிறவர்கள் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்த 20,000-ஐ 30,000 ஆக்குங்கள். கூட்டிய பத்தாயிரத்தை, யூனிட் ஓடத் தொடங்கி ஒரு வருடம் கழித்து, தவணை தவறாமல் இருந்தால் கொடுங்கள். கடன் வாங்கிக் கொடுப்பதில் காட்டிய அதே அக்கறை விற்றுக் கொடுப்பதிலும் தானாக வரும். எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு இதே திட்டத்தில் விதை மூலதனம் ஆளுக்கு 40,000 வரை கிடைத்தது. ஒருவர் அப்பளம், ஒருவர் வடகம். இருவருமே நல்ல கைக்காரர்கள். கடை பிடிக்கத் தெரியாமல் ஒருவர் நிறுத்திவிட்டார். பணம் குறைவு என்பதால் அவர் நிறுத்தவில்லை.

ஐ.டி. மாதிரித் தொழிலுக்கு ஸ்டார்ட்அப் டி.என். என்கிற தமிழ்நாடு அரசு நிறுவனம் இருக்கிறது. 10 லட்சம் கொடுத்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா மகன் அதற்குத் தயாராகிறான். அதைப் பற்றி நான் சொல்லத் தகுதியில்லை. உணவுப் பொருள் செய்கிறவர்கள் பி.எம்.எப்.எம்.இ.க்கே போங்கள், அதுவும் மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் டி.ஆர்.பி.யின் போன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அவர் உங்கள் இடத்துக்கு ஒரு முறையாவது நேரில் வருகிறாரா என்று பாருங்கள். வராமல் போனிலேயே படிவம் நிரப்புகிறார் என்றால் வேறொருவரைக் கேளுங்கள், மாவட்டத்துக்கு ஒருவர் மட்டும் இல்லை.

என் மூன்று வருடம் வருகிற செப்டம்பரில் முடிகிறது. 2.94 லட்சம் கழிந்ததும் இங்கேயே வந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை குளித்தலையிலிருந்து ஒரு அம்மா யூனிட் பார்க்க வருகிறார். முருங்கைக்கீரைப் பொடி செய்யப் போகிறாராம். மிஷின் விலை கேட்டார். அதை நேரில் சொல்கிறேன், வரும்போது அந்தப் பொடியை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட ஐந்து கடைகளின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.